பெயரிடும் முன்பே ஒரு வைப்பு: இண்டூர் வட்டாரமும் பெண் குழந்தைச் சேமிப்பின் வரலாறும்

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியிலுள்ள இண்டூரும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களும் மழையை நம்பி வாழும் மேட்டுநிலப் பகுதியைச் சேர்ந்தவை. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் துவரையும் விளையும் இத்தகைய பூமியில் குடியானவனின் கையில் ரொக்கம் தங்கும் நாட்கள் ஆண்டில் சிலவே என்பதால், சேமிப்பு என்பது இங்கே நெடுங்காலம் நாணயமாக இருந்ததைவிட உயிராகவும் உலோகமாகவும் இருந்ததே மிகுதி. குழந்தையின் பெயரில் ஓர் ஆட்டுக்குட்டியையோ கிடாரிக் கன்றையோ ஒதுக்கிவிட்டு, அது ஈனும் குட்டிகளையும் அக்குழந்தையின் கணக்கிலேயே வைப்பது வறண்ட நிலத்து மக்கள் பலரும் அறிந்த வழக்கம். வட்டி என்ற சொல்லை அவர்கள் அதற்குப் பயன்படுத்தவில்லை என்றாலும், முதல் அழியாமல் பெருக்கம் மட்டும் கூடிக்கொண்டே போகும் அந்த ஏற்பாட்டைக் கூட்டுவட்டியின் மூத்த வடிவம் என்று கருதுவதில் தவறில்லை. தாய்மாமன் சீராகப் போடும் வெள்ளிக் கொலுசும் அரைஞாணும் காப்பும் இதே வகையைச் சேர்ந்தவை. அணிந்திருக்கும்போது அவை குழந்தைக்கு அழகு. மழை பொய்த்த ஆண்டில் அடகுக் கடையில் வைத்து விதை வாங்கவும் உதவும்.

இவ்வகைச் சேமிப்புக்கு ஒரு குறை உண்டு. குழந்தையின் பெயரில் விட்ட ஆடானாலும் அதை விற்கும் உரிமை வீட்டுப் பெரியவரிடமே இருந்தது, கொலுசும் அப்படியே. 1882இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி தொடங்கப்பட்டு, பின்னர் சிறுவர் பெயரில் கணக்குத் தொடங்கும் வழக்கமும், பள்ளிகளில் மாணவர் சிறுதொகை சேர்க்கும் சஞ்சயிகா திட்டமும் பரவியபோதுதான், குழந்தைக்கென்று தனியே ஒரு கணக்கு எண், அதில் அக்குழந்தையின் பெயர், பிறர் எளிதில் கைவைக்க முடியாத ஒரு முதல் என்ற கருத்து சிற்றூர்களுக்கு அறிமுகமாயிற்று. ஆயினும் அஞ்சலகக் கணக்கில் போட மாதந்தோறும் மிச்சம் வேண்டும். கூலிக்குச் செல்லும் குடும்பத்துக்கு அந்த மிச்சம் இல்லை என்பதே இவ்வரலாற்றின் அடிப்படைச் சிக்கல்.

பெண் பிறந்தால் செலவு, ஆண் பிறந்தால் வரவு என்ற கணக்கு இப்பகுதிக்குத் தொன்றுதொட்டு உரியதன்று. தமிழகத்தின் மேட்டுநில வேளாண் சமூகங்கள் பலவற்றில் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் கொடுத்து மணம் முடிப்பதே பழைய முறை. பரிசம் என்பது மணமகன் தரப்பு தரும் பணமோ பொருளோ ஆகும். களையெடுப்பு, நாற்று நடவு, அறுவடை ஆகிய வேலைகளில் பாதிக்கு மேல் பெண்ணின் கைகளாலேயே நடந்த குடியானவச் சமூகத்தில், ஒரு பெண்ணை இழக்கும் வீட்டுக்கு ஈடு தருவது இயல்பாகத் தோன்றியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கிணற்றுப் பாசனமும் பணப்பயிரும் அரசு வேலையும் சிலரிடம் செல்வத்தைக் குவித்தபோது, அவர்களைப் பார்த்து மற்றவரும் பழக, பரிசம் மெல்ல மறைந்து அதன் இடத்தில் வரதட்சணை வந்தமர்ந்தது. 1961இலேயே வரதட்சணைத் தடைச் சட்டம் நிறைவேறியிருந்தும், சட்டம் தடுத்ததைவிட ஊர் வழக்கம் வளர்த்ததே அதிகம். இத்தனை சவரன், இவ்வளவு ரொக்கம், ஒரு வண்டி என்று பெண்ணின் திருமணம் விலைப்பட்டியலாக மாறிய பிறகு, பிறந்த மகளைப் பார்த்த கணமே தந்தையின் மனம் இருபது ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள கடனை எண்ணத் தொடங்கியது.

இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 1986இல் மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றிப் பத்திரிகைகளில் வெளிவந்த செய்திகள் நாடறியச் செய்தன. பிறந்த பெண் சிசுவைச் சில நாட்களுக்குள் உயிரிழக்கச் செய்யும் கொடுமை அப்பகுதியோடு நிற்கவில்லை என்பதை அடுத்து வந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களால் உறுதிசெய்தது. ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் எத்தனை பேர் என்று கணக்கிடுவதைக் குழந்தைப் பாலின விகிதம் என்பர். 1991இல் சேலம் மாவட்டத்தில் இவ்விகிதம் 849. தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று அதே சேலத்திலிருந்து பிரிக்கப்பட்ட பகுதியாதலால், எல்லைக்கோடு மாறியபோதும் வழக்கங்கள் மாறவில்லை. 2001 கணக்கெடுப்பில், இன்றைய எல்லைக்குட்பட்ட தர்மபுரி மாவட்டத்தின் விகிதம் 826 ஆக இருந்தது. அப்போது மாநிலத்தின் சராசரி 942. இவ்விரு எண்களுக்கும் இடையிலுள்ள 116 என்ற வேறுபாட்டுக்குள், இண்டூர் போன்ற ஊர்களில் பெயர் சூட்டப்படாமலே போன குழந்தைகள் இருக்கிறார்கள். கருவிலேயே பாலினம் அறியும் கருவிகள் பரவியதும் இதற்கு ஒரு காரணம். அதைத் தடுக்கும் சட்டம் 1994இல் நிறைவேறி 1996இல் நடைமுறைக்கு வந்தது.

இக்கொடுமைக்கு எதிராக அரசு எடுத்த வழிகள் மூன்று. முதல் வழி பேச்சும் கலையும். 1990களின் பிற்பகுதியில், டென்மார்க் அரசின் உதவியுடன் சுகாதாரத் துறை தர்மபுரி மாவட்டத்தில் நடத்திய கலைப்பயணம், உள்ளூர் இளைஞரையும் பெண்களையும் கொண்டு ஊர் ஊராகத் தெருநாடகமும் பாட்டும் நிகழ்த்தி, சாவடியிலும் கோயில் திடலிலும் யாரும் வாய்திறக்காத ஒன்றைப் பொதுவெளியில் பேச வைத்தது. இரண்டாம் வழி 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தர்மபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம். வளர்க்க மனமில்லாதவர் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம், யார் எவர் என்று கேட்கமாட்டார்கள். மூன்றாம் வழியே இக்கட்டுரையின் பொருள்: பெண் பிறந்ததும் அவள் பெயரில் அரசே ஒரு முதலை இட்டு, அவள் வளர வளர அதுவும் வளரச் செய்வது.

அதற்கான தளம் சில ஆண்டுகளுக்கு முன்பே அமைந்துவிட்டது. 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம், மகனைப் போலவே மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்குண்டு என்றது. அதே ஆண்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஏழைப் பெண்களுக்கான திருமண உதவித் திட்டமும் வந்தது. ஒன்று உரிமையைத் தந்தது; மற்றொன்று செலவைப் பகிர்ந்தது. ஆனால் இரண்டும் பெண் வளர்ந்த பிறகே பயன் தருபவை. பிறந்த மூன்றாம் நாள் அவள் உயிரோடு இருப்பதற்கு அவை என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு விடையாகவே 1992இல் ஜெயலலிதா தலைமையிலான அரசு பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் பிள்ளைகள் மட்டுமே உள்ள ஏழைக் குடும்பத்தில், பெற்றோருள் ஒருவர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டால், குழந்தையின் பெயரில் அரசு ஒரு தொகையை முதலீடு செய்யும் என்பதே அதன் சாரம்.

2001இல் இத்திட்டம் திருத்தி அமைக்கப்பட்டு, இன்று மக்கள் அறிந்திருக்கும் வடிவைப் பெற்றது. ஒரே பெண் குழந்தையுடன் நிறுத்திக்கொண்ட குடும்பத்துக்கு 22,200 ரூபாயும், இரு பெண் குழந்தைகள் உள்ள குடும்பத்தில் ஒவ்வொரு குழந்தைக்கும் 15,200 ரூபாயும் வைப்புத்தொகையாக இடப்பட்டன. வைப்புத்தொகை என்பது குறித்த காலம் முடியும்வரை எடுக்க முடியாதபடி நிலையாக இடப்படும் பணம். இப்பணம் சாதாரண வங்கியில் இடப்படாமல், தமிழ்நாடு மின்விசை நிதி மற்றும் அடிப்படை வசதி மேம்பாட்டுக் கழகம் என்ற அரசு நிறுவனத்தில் இடப்பட்டது. மின் திட்டங்களுக்கு நிதி திரட்டுவதற்கென அமைந்த அந்நிறுவனத்தின் கையில், ஏழைப் பெண் குழந்தைகளின் முதலும் மின்கம்பிக்கும் மின்நிலையத்துக்கும் பயன்படும் நிதியோடு சேர்ந்தே சுழன்றது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வைப்பு புதுப்பிக்கப்படும். ஆறாம் ஆண்டிலிருந்து படிப்புச் செலவுக்கென மாதம் 150 வீதம் ஆண்டுக்கு 1,800 ரூபாய் வழங்கப்படும். பதினெட்டு வயது நிறைந்ததும், அவள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதியிருந்தால், முதலும் சேர்ந்த வட்டியும் அவளிடமே ஒப்படைக்கப்படும். 2011 ஆகஸ்டில் வைப்புத்தொகை முறையே 50,000 ரூபாயாகவும் 25,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் கண்ணுக்குத் தெரியும் உடல் ஒரு தாள். குழந்தையின் பெயர், தாய் தந்தை பெயர், பிறந்த நாள், வைப்பு எண், முதிர்வு நாள் என்று வரிசையாக அச்சிடப்பட்ட அந்த வைப்புப் பத்திரத்தை, சிற்றூரில் பாண்டு என்றே சொல்வார்கள். குடும்ப அட்டையும் பட்டாவும் இருக்கும் அதே நெகிழிப் பைக்குள், தகரப் பெட்டியின் அடியில், மடிப்பு விழுந்து ஓரம் நைந்துபோய்ப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தாள் அது. அதைப் பெறுவதற்கு முன் திரட்ட வேண்டிய சான்றுகளும் சில: பிறப்புச் சான்று, அறுவைச் சிகிச்சைச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, இவற்றோடு ஆண் வாரிசு இல்லை என்று வட்டாட்சியர் தரும் சான்று. கடைசிச் சான்றின் சொற்களை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். தனக்கு மகன் இல்லை என்பதை அரசு முத்திரையோடு நிரூபித்த பிறகே மகளுக்கு நிதி கிடைக்கிறது.

இத்திட்டத்தின் வலிமையும் பலவீனமும் ஒருங்கே தங்கியிருப்பது இந்த நிபந்தனையில்தான். மகன் இல்லாமலும் போதும் என்று முடிவெடுக்கும் பெற்றோரை அரசு தாங்கிப் பிடிக்கிறது. ஊரும் உறவும் அவர்களை ஏளனமாகப் பேசும்போது, அரசின் பத்திரம் அவர்கள் பக்கம் நிற்கிறது. இதன் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் தர்மபுரி, சேலம் வட்டாரங்களில் அதிக ஆபத்துக்குள்ளான குழந்தை எது என்று பார்த்தால், அது மகனை எதிர்பார்த்திருக்கும் வீட்டில் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிறக்கும் பெண். அந்த வீடு அறுவைச் சிகிச்சைக்கு இசையாது, ஏனெனில் அடுத்த பிள்ளை ஆணாக இருக்கும் என்ற நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே அந்தப் பெண்ணுக்கு நிதியும் இல்லை. பின்னர் ஒரு தம்பி பிறந்துவிட்டால், அவள் எவ்வளவு ஏழையானாலும் திட்டத்துக்கு வெளியே நிற்பவள். பெற்றோருக்குரிய வயது வரம்பும், தொடக்கத்தில் ஒரு பெண் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 50,000, இரு பெண்கள் உள்ள குடும்பத்துக்கு 24,000 என இருந்து 2014இல் இரண்டுக்கும் 72,000 ஆக்கப்பட்ட வருமான வரம்பும் வாயிலை மேலும் ஒடுக்கின. குடும்பக் கட்டுப்பாட்டுக்கான ஊக்கத்தொகையையும் பெண் குழந்தையின் சேமிப்பு நிதியையும் ஒரே முடிச்சில் கட்டியதே இதன் மூலக் குறை. இரண்டும் தனித்தனியே நல்லவை, இணைத்தபோது ஒன்று மற்றொன்றைச் சிறியதாக்கிவிட்டது.

ஹரியானா வேறு வழியில் சென்றது. 1994 அக்டோபர் 2 அன்று அம்மாநிலம் தொடங்கிய 'அப்னி பேட்டி அப்னா தன்' திட்டத்தில், பெண் பிறந்ததும் தாய்க்கு 500 ரூபாயும், குழந்தையின் பெயரில் 2,500 ரூபாய் முதலீட்டுப் பத்திரமும் தரப்பட்டன. பதினெட்டு வயதில் மணமாகாமல் இருந்தால் அது 25,000 ரூபாயாகும் என்ற வாக்குறுதி, ஆண்டுக்கு 13 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட கூட்டுவட்டிக்கு ஒப்பானது. ஆண் வாரிசு இருக்கக் கூடாது என்ற தடை அங்கே வைக்கப்படவில்லை. 2012இல் முதல் அணிப் பெண்கள் பதினெட்டை எட்டியபோது ஆராய்ந்தவர்கள், பயன் பெற்ற பெண்கள் பள்ளியில் சற்றுக் கூடுதல் காலம் நீடித்ததையும், அதே வேளையில் பல குடும்பங்கள் அப்பணத்தைத் திருமணச் செலவுக்கென்றே எண்ணியிருந்ததையும் கண்டனர். பணம் மகள் பெயரில் இருந்தாலும், அதன் நோக்கத்தைத் தீர்மானிப்பது வீட்டின் பழைய எண்ணமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கடல் கடந்த நாடுகளில் இதே கருத்து ஆண் பெண் வேறுபாடின்றி வளர்ந்தது. தமிழர் பெருமளவில் வாழும் சிங்கப்பூரில் 2001இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சிக் கணக்கில் பெற்றோர் இடும் தொகைக்கு ஈடாக அரசும் இடுகிறது. பிரிட்டனில் 2002 செப்டம்பர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குத் தலா 250 பவுண்டும், ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு 500 பவுண்டும் அரசு வழங்கியது. 2011 ஜனவரி தொடக்கத்துக்குப் பின் பிறந்தவர்களுக்கு அது நிறுத்தப்பட்டது. 2020 செப்டம்பரிலிருந்து முதிர்ந்து வரும் அக்கணக்குகளில் பல லட்சம் இன்னும் உரியவரால் பெறப்படாமல் கிடக்கின்றன. தங்கள் பெயரில் பணம் இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

தமிழக வைப்புத்தொகையின் உண்மையான மதிப்பை அளக்க, ஊரார் பயன்படுத்தும் அளவுகோலான சவரனையே எடுத்துக்கொள்வது பொருத்தம். 2001இல் ஒரு சவரன் தங்கம் மூன்றாயிரத்துச் சில நூறு ரூபாய்க்கு விற்றது. ஆகவே 22,200 ரூபாய் என்பது ஆறு சவரனுக்கு மேல். 2011 ஆகஸ்டில் சவரன் இருபதாயிரத்தை நெருங்கியிருந்ததால், உயர்த்தப்பட்ட 50,000 ரூபாய் ஏறத்தாழ இரண்டரைச் சவரனுக்கே ஈடாயிற்று; இரு பெண்கள் உள்ள வீட்டில் ஒவ்வொருத்திக்கும் ஒன்றேகால் சவரன் அளவு. 2024 மார்ச்சு மாத இறுதியில் சவரன் விலை 50,000 ரூபாயைத் தாண்டியபோது, பிறப்பின்போது இடப்படும் முழுத் தொகையும் ஒரு சவரனுக்குக் கூடப் போதாததாகிவிட்டது. தாளில் தொகை இரட்டிப்புக்கு மேல் உயர்ந்தது. தட்டாரின் தராசில் அது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. வரதட்சணையைத் தங்கத்தில் எண்ணும் சமூகத்தில் பெண்ணின் நிதியை மட்டும் ரூபாயில் எண்ணிவிட்டு, பத்தாண்டுக்கு மேலாக அதைத் தொடாமல் வைத்திருப்பது நீதியாகாது.

இதற்கிடையே 2015 ஜனவரி 22 அன்று மத்திய அரசு தொடங்கிய சுகன்யா சம்ருத்தி கணக்கு, தமிழகத்தில் செல்வமகள் சேமிப்புத் திட்டம் என்ற பெயரில் அஞ்சலகங்கள் வழியே வேகமாகப் பரவியது. பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு இக்கணக்கைத் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது இட வேண்டிய தொகை முதலில் 1,000 ஆக இருந்து 2018இல் 250 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. கணக்கு தொடங்கி 21 ஆண்டுகளில் முதிரும். பதினெட்டு வயதுக்குப் பின் மேற்படிப்புக்காகப் பாதித் தொகை வரை எடுக்கலாம். ஆண் வாரிசு பற்றியோ அறுவைச் சிகிச்சை பற்றியோ இங்கே கேள்வியே இல்லை. ஆனால் இதில் பெருகுவது பெற்றோரின் சொந்தப் பணம். ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் இடக்கூடியவரின் மகளுக்கும், பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்த் திரும்பும்போது 250 ரூபாய் இடுபவரின் மகளுக்கும் வட்டி விகிதம் ஒன்றே. முதிர்வில் கிடைப்பது ஒன்றாகாது. அரசு இடும் வைப்பையும் பெற்றோர் இடும் சேமிப்பையும் ஒரே கணக்கில் சேர்த்து, தம்பி இருக்கிறானா என்று கேளாமல் ஒவ்வொரு ஏழைப் பெண் குழந்தைக்கும் தருவதே இவ்விரு திட்டங்களின் அனுபவமும் காட்டும் வழி.

தர்மபுரியின் குழந்தைப் பாலின விகிதம் 2011இல் 913 ஆக உயர்ந்தது. பத்தாண்டுக்குள் 87 புள்ளி ஏறிய இந்த மாற்றத்துக்குக் கலைப்பயணமும், தொட்டிலும், கருவறிதல் தடைச் சட்டமும், கிராமச் சுகாதாரச் செவிலியரின் ஓயாத கண்காணிப்பும், மகளிர் சுயஉதவிக் குழுக்களும் சேர்ந்தே காரணம். வைப்பு நிதிக்கு மட்டும் அப்பெருமையைத் தருவது பொருந்தாது. எனினும் பத்தாம் வகுப்பு வரை படித்தாக வேண்டும் என்று அந்நிதி வைத்த நிபந்தனையின் பங்கு தனியே குறிப்பிடத் தக்கது. 2011இல் மாநிலத்திலேயே மிகக் குறைந்த எழுத்தறிவு, ஏறத்தாழ 68.5 விழுக்காடு, பதிவானது இந்த மாவட்டத்தில்தான். இங்கே ஒரு பெண் பொதுத்தேர்வு வரை பள்ளியில் நிற்பதற்கு, பெட்டிக்குள் இருக்கும் ஒரு தாளும் காரணமாக இருந்தால் அது சிறிய செய்தியன்று.

2001இல் வைப்பு இடப்பட்ட குழந்தைகளுக்கு 2019 முதல் தொகை முதிர்ந்து வருகிறது. பத்திரத்தில் ஒரு பெயரும் மதிப்பெண் சான்றில் வேறு எழுத்தும் இருப்பதாலும், குடும்பம் ஊர் மாறிவிட்டதாலும், பத்திரம் தொலைந்ததாலும், முதிர்ந்த பணத்தைப் பெறாத பெண்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றனர். அவர்களை வரச்சொல்லி மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகின்றன. 2011க்குப் பின் இடப்பட்ட 50,000 ரூபாய் வைப்புகள் 2029 ஆகஸ்டிலிருந்து முதிரத் தொடங்கும். இண்டூரிலோ வேறெந்த ஊரிலோ இத்தகைய பத்திரம் வைத்திருக்கும் குடும்பத்தை அறிந்தவர்கள், அந்தப் பெண்ணின் பெயரும் பிறந்த நாளும் பள்ளிச் சான்றில் உள்ளபடியே பத்திரத்திலும் இருக்கின்றனவா என்று இப்போதே பார்க்கச் சொல்ல வேண்டும். பத்திரத்தின் நகல், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்று, அவள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்டச் சமூகநல அலுவலகத்துக்குப் போனால், பிறந்தபோது அவளுக்கென்று இட்ட பணம் அவள் கைக்கு வந்துசேரும்.